மூக்கில்லாத வண்டி

ஜனவரி 7, 2008 – திங்கள்

வேன் ஓட்டுகிற பூமிநாதன் இன்று தலையில் குண்டைப் போட்டுவிட்டான். தை முடிய வருவானாம். மாசி ஒன்றாம் தேதியிலிருந்து மயிலாடுதுறையில் ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போகிறானாம். வேனிலிருந்து காலிக் கூடைகளை இறக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். மீன் யாவாரம் பண்ணும் பெண்கள் ஐந்து பேரும் நின்றிருந்தார்கள். அவனை ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியாதா? என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. முன்பு ஒரு காலத்தில் துபாய் போகிற ஆசை வந்து, காரைக்காலில் ஜீப் கற்றுக்கொண்டு, வெறும் திடலில் ஓட்டிக் காட்டி வாங்கியது. துபாயும் போகவில்லை. அதற்கப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவும் இல்லை.

குஞ்சம்மா அக்கா சும்மா இருக்குமா. “லைசென்ஸ சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிப் பூப்போடுறீங்களா தம்பி?”

சிரித்து வைத்தேன்.

வேறு டிரைவர் தேடலாம்தான். விடியலில் எழுந்து, மீன் வாடையோடு ஊர் ஊராகப் போக யார் வருகிறார்கள்? சுனாமிக்கு அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் பெண்கள் குழுவுக்குக் கொடுத்த ஆம்னி வேன் அது. பூமிநாதன் கிடைப்பதற்கே நாய் படாத பாடு பட்டார்கள்.

தமிழரசி ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள், படுத்தாள். அவள் கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கார்த்திகையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் தலைச்சுமை கூடவே கூடாது, மீறினால் கை மரத்துப்போகும் என்றார். வேன் ஓடுகிறவரை கவலை இல்லை. வேன் நின்றால் கூடை மறுபடி அவள் தலைக்குப் போகும். யாவாரத்தை விடு என்று சொன்னால் விடுகிறவளா? நெடுங்காடு பக்கம் அத்தனை வீட்டிலும் அவள் பேர் சொல்லித்தான் மீன் வாங்குவார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து சேர்த்த வாடிக்கை.

ஜனவரி 8

நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை என்ன செய்வது.

ஜனவரி 10 – வியாழன்

காரைக்கால் போய் சேக் அலாவுதீனைப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, இது இருக்கையில எங்கிட்ட ஏன் வந்தீங்க?”

“ஓட்டத் தெரியாது பாய்.”

“ஓட்டத் தெரியாதா, ஓட்ட பயமா?”

தெரியாது என்றேன். பொய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது – கிளட்ச், கியர், கண்ணாடி. பயம்தான். இதை இந்த டைரியில்தான் எழுத முடியும். ஐஸ் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி, இந்த வருஷம்தான் உருப்படியாக உபயோகப்படுகிறது. போன ஆடியில் வலை இழுக்கும்போது வலது தோள் இறங்கிப்போனதிலிருந்து கரையில்தான் இருக்கிறேன். போட்டைத் தம்பி நாகராஜ் ஓட்டுகிறான். பகலில் வீட்டில் இருக்கிற ஆம்பளை வேறென்ன செய்வான், எழுதுவான்.

விடிந்தும் விடியாமலும் கொந்தளிப்பில் போட்டை வெளியே எடுத்தவன் நான். ஊரில் எவனும் இறக்காத அன்றைக்கும் இறக்கியிருக்கிறேன். கோட்டுச்சேரி கடைத்தெருவில் ஒரு வேனை ஓட்ட இப்படி நடுங்குகிறேன் என்று தெரிந்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் – இல்லை, சிரிக்கக்கூடாது. எனக்குத் தாங்காது.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். ரோடெல்லாம் மாடு. அதனால் இன்றைக்கு வண்டி பழகவில்லை. நேற்றுப் பொங்கல், அதனால் பழகவில்லை. நாளைக்கு என்ன சாக்கு என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

ஜனவரி 18 – வெள்ளி

வெள்ளிக்கிழமை யாவாரம் இல்லை, வேன் சும்மா நின்றது. அலாவுதீன் பஸ் ஏறி இங்கேயே வந்துவிட்டார். சாக்குக்கு வழியில்லை.

அந்த வேனுக்கு மூக்கே இல்லை. உட்கார்ந்தால் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம், அதற்கு மேல் கண்ணாடி, அவ்வளவுதான், ரோடு. இன்ஜின்கூட நம் சீட்டுக்கு அடியில். எதிரில் வருகிறவன் நேராக என் மடியில் வந்து விழுவான் போல இருக்கிறது. போட்டில் அப்படியா? நான் கடைசியில் உட்கார்ந்திருப்பேன், முழு போட்டும் எனக்கு முன்னால் நீண்டு கிடக்கும். எது வந்தாலும் முதலில் அணியத்தில்தான், போட்டின் மூக்கில்தான் மோதும், அப்புறம்தான் நான். இங்கே நான்தான் அணியம்.

ஊரிலிருந்து மெயின்ரோடு வரைக்கும் போனோம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திக்கொண்டு போய், திரும்பி ஒரு தடவை பார்த்தார்.

ஜனவரி 22 – செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது.

யாவாரம் முடிந்து வேன் திரும்பியதும் எடுத்தோம். இன்றும் அலாவுதீன் பக்கத்தில் இருந்தார். எங்கள் தெரு சிமெண்ட் ரோட்டில் மெதுவாகத்தான் வந்தேன். வலது ஓரமாகக் குஞ்சம்மா அக்கா நெத்திலி காயப் போட்டிருந்தது. ஒரு கோழி குறுக்கே ஓடியது. இடது பக்கம் ஒதுங்க வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக இடது என்றுதான் நினைத்தேன். கை வலது பக்கம் ஒடித்தது. கால் – அந்தப் பாழாய்ப்போன கால் – ஆக்சிலேட்டரை மிதித்தது. வேன் நெத்திலி மேலே ஏறி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை போய், ஒரு தென்னைமரத்தில் மெல்ல முட்டிக்கொண்டு அணைந்தது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா வந்தது. தரையோடு ஒட்டின ஒரு நெத்திலியை நகத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்தது.

“நெத்திலில அப்பளம் போட்டுட்டீங்களே தம்பி.”

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். நெத்திலிக்குப் பதில் அங்கே ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால்? காயப்போட்ட மீனைக் காக்காய் கொத்தாமல் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளைத்தானே உட்கார வைப்பார்கள். நல்லவேளை பள்ளிக்கூட நேரம். ஐயோ, நினைத்தாலே உடம்பு கூசுது.

அலாவுதீன் மரத்தடியில் நின்றுகொண்டு நிதானமாகக் கேட்டார். “பிரேக்குனு கத்துறேன், நீங்க ஆக்சிலேட்டர மிதிக்கிறீங்க. ஸ்டீரிங்க நேர்மாறா சுத்துறீங்க. இது என்ன கணக்குண்ணே?”

எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 24 – வியாழன்

தெரிந்துவிட்டது. பாதி தெரிந்துவிட்டது.

காலையில் கரையில் நின்று நாகராஜ் போட்டைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்து இன்ஜின் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினான், போட் வலது பக்கம் திரும்பியது. அப்படித்தான் திரும்பும். வலது பக்கம் தள்ளினால் இடது. விவரம் தெரிந்த நாளிலிருந்து என் கையும் அப்படித்தான் வேலை செய்கிறது. நிதானமாக இருக்கும்போது புத்தி கையை அடக்கிவைக்கிறது. பயந்துவிட்டால் புத்தி ஓடிவிடுகிறது, கை கடலுக்குப் போய்விடுகிறது.

தெரிந்து என்ன பிரயோஜனம்? பயப்படாமல் இருந்தால் சரியாக ஓட்டுவேன். சரியாக ஓட்டினால்தான் பயம் போகும். எந்தப் பக்கம் நுழைவது இதில்?

ஜனவரி 25

நெத்திலிக்குப் பதிலாகத் தமிழரசி தன் கூடையிலிருந்து மீன் எடுத்துக் குஞ்சம்மா அக்காவுக்குக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அக்காதான் சொன்னது.

ஜனவரி 29 – செவ்வாய்

ஒரு வேடிக்கை. அலாவுதீன் இன்று ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். எல்லாரும் தடுமாறுகிற இடமாம், மெதுவாகப் போதும் என்றார். நான் திரும்பி, சீட்டு மேல் கை போட்டு, பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முழு வண்டியும் என் கண்ணுக்கு முன்னால் நீளமாகக் கிடந்தது, போட் மாதிரி. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால், பார்க்கிற கண்ணுக்கு வண்டி எதிர்ப்பக்கம் போகிறது. அதுவும் போட் மாதிரி. வளைவு, கம்பம், குழாயடி எல்லாம் தாண்டி, கோயில் வரைக்கும் பின்னாலேயே போய் நிறுத்தினேன். வேர்க்கக்கூட இல்லை.

அலாவுதீன் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆள பாக்கலண்ணே. முன்னாடி போக வராது, பின்னாடி பிரமாதமா போறீங்க.”

டீக்கடையில் அதற்குள் பேர் வைத்துவிட்டார்கள். ரிவர்ஸ் சிவபாலன். நெடுங்காடு வரைக்கும் பின்னாலேயே போகட்டும், திரும்பி வரும்போது நேராக வந்துவிடலாம் என்று பேச்சு.

பிப்ரவரி 4 – திங்கள்

பூமிநாதன் வரவில்லை. அவன் மச்சான் வீட்டில் விசேஷம். சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். தமிழரசியும் பார்க்காத மாதிரி இருந்தாள். கூடையை என் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோட்டுச்சேரி பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுபோய் விட்டேன்.

முதல் பஸ்ஸில் கண்டக்டர் கையைக் காட்டி மறித்துவிட்டார். “ஆபீஸ் போறவங்க இருக்காங்கம்மா. மீன் கூடைய அடுத்ததுல ஏத்து.” அடுத்ததும் அப்படியே. அதற்கும் அடுத்ததில் இவளும் மற்ற பெண்களும் ஏறினார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம்தான் தெரிந்தது. பாதி வழியில், ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது என்று இறக்கிவிட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அங்கேயே பக்கத்து ஊரில் விற்றுக்கொண்டார்கள். இவள் மட்டும் வாடிக்கை வீடு காத்திருக்கும் என்று நெடுங்காட்டுக்கு நடந்திருக்கிறாள். தலையில் கூடையோடு.

வந்ததிலிருந்து கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புகிறாள். தண்ணீர் டம்ளரை வலது கையால் எடுத்து, அது நிற்காமல் இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“கை மரத்துப்போச்சா?”

“சித்த நேரத்துல சரியாயிடும். நீங்க சாப்பிடுங்க.”

எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. இவ்வளவுதானா நான்?

பிப்ரவரி 6

விடியலில் யாரும் எழும் முன் தனியாகப் போய் வேனில் உட்கார்ந்தேன். சாவி போட்டேன். சீட்டுக்கு அடியில் இன்ஜின் நடுங்கியது. அது நடுங்குதா நான் நடுங்குறேனான்னு தெரியல. ரோட்டுல ஒரு ஆளு கெடையாது. அப்பவும் கால் எடுக்க வரல. அணைச்சிட்டு வந்துட்டேன். முடியல. முடியலன்னா முடியல, என்ன பண்ணச் சொல்றீங்க.

யாரைக் கேட்கிறேன்?

பிப்ரவரி 8 – வெள்ளி

குழம்பில் உப்பு அதிகம் என்று கத்திவிட்டேன். தமிழரசி ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள்.

“உப்பு சரியாத்தான் இருக்கு. வண்டிய நினைச்சிக்கிட்டே சாப்புட்டா கரிக்கத்தான் செய்யும்.”

அப்புறம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “உங்களால முடியலன்னா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். முடியும் முடியும்னு சொல்லி என்னையும் காக்க வைக்காதீங்க.”

தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வாசலுக்குப் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 9

கனவில் வேன் கடலில் போகிறது. நான்தான் ஓட்டுகிறேன். பயமே இல்லை.

பிப்ரவரி 11 – திங்கள்

விவரமாக எழுத வேண்டும்.

பூமிநாதனுக்கு நாளையோடு கடைசி. வழியாவது தெரிந்துகொள்ளட்டும் என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். நெடுங்காடு தாண்டி உள்ளே ஒரு ஊருக்குப் போகிற வாய்க்கால் கரை ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் அறுத்த வயல், நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். பாதி தூரம் போனதும் எதிரில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்து நின்றது. இரண்டு பக்கமும் வைக்கோல் பிதுங்கிக்கொண்டு, ரோட்டையே அடைத்தமாதிரி. அவன் பின்னால் போக முடியாது, டிரெய்லர். நாங்கள்தான் போக வேண்டும். ஒதுங்க இடம் மதகுப் பக்கத்தில், ரொம்பப் பின்னால்.

பூமிநாதன் கொஞ்சம் பின்னால் எடுத்தான். பின் சக்கரம் வாய்க்கால் சரிவில் இறங்கியது, பெண்கள் கத்தினார்கள். முன்னால் எடுத்து நேர்பண்ணி மறுபடி முயன்றான். மறுபடி சரிவு. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். தமிழரசி மட்டும் இறங்கவில்லை. அத்தனை கூடையும் உள்ளே இருந்தது, சாயாமல் பிடிக்க ஆள் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உள்ளே இருக்கும்போது அவன் மூன்றாவது தடவை எடுக்கப் போனான். எனக்குப் பொறுக்கவில்லை. “இறங்கு பூமி. நான் எடுக்கிறேன்.”

அவன் என்னைப் பார்த்தான். குஞ்சம்மா அக்கா சொன்னது, “உடு, பின்னாடி போறதுக்குன்னே பொறந்தவரு.” இறங்கினான்.

எடுத்தேன். திரும்பிப் பார்த்துக்கொண்டு, நேர்கோடாக, மதகு வரைக்கும். கூடையில் ஒரு மீன்கூட நகர்ந்திருக்காது. ஒதுங்கினேன், டிராக்டர் உரசாமல் போனது. அதன் டிரைவர் கை தூக்கிவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் முன்னால் பார்த்தேன். பூமிநாதனும் பெண்களும் ரொம்ப தூரத்தில், அந்த ஊர்ப் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். வேனில் நானும் தமிழரசியும் மட்டும். எதிரில் அந்த ரோடு. இந்தத் தடவை முன்னால்.

“பூமி வரட்டும்” என்றேன்.

“அவரு எதுக்குத் திரும்பி வரணும்? வெயில் ஏறுது, மீன் நைஞ்சிடும். போங்க.”

தமிழரசி முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். எடுத்தேன். ஊர்ந்துதான் போனேன். கரையில் ஒரு அம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு ஏறினாள். ஒரு ஆடு திமிறிக்கொண்டு நடுவில் வந்தது. உடம்பெல்லாம் அப்படியே இறுகியது. கால் ஆக்சிலேட்டரைத் தேடியது. எனக்கே தெரிந்தது, தேடுகிறது என்று. கத்தினேன். “தமிழு, நிறுத்தினா கவுந்துடும்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, கழுத்து திரும்பாது. முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

“நின்னா என்னங்க? இங்க என்ன அலையா அடிக்குது?”

கால் நின்றது. பிரேக்குக்கு மாறியது. வேன் நின்றது. ஆடு போனது. ஒன்றும் கவிழவில்லை.

மீதிப் பாதி இதுதான். கரையோரம் அலை உடைகிற இடத்தில் போட்டை வெளியே எடுக்கும்போது, அலை எழும்பி வருவதைப் பார்த்துப் பயந்து வேகத்தைக் குறைத்தால் போச்சு. போட் குறுக்கே திரும்பும், அடுத்த அலை புரட்டிப்போடும். பயம் வந்தால் முறுக்க வேண்டும், நேராக ஏற வேண்டும். அப்பா எனக்குச் சொன்னதும் அதுதான், நான் நாகராஜுக்குச் சொன்னதும் அதுதான். நிற்கிறது என்பது எங்களுக்குச் சாவு. வண்டியில் நிற்கலாம் என்பது என் கட்டைப் புத்திக்கு ஏறவே இல்லை. எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். நின்றால் ரோடு நம்மைப் புரட்டாது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், அவ்வளவுதானே.

பூமிநாதன் இருக்கிற இடம் வரை போனேன். சீட்டை விட்டு இறங்கி அவனிடம் சாவியைக் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 13 – புதன், மாசி 1

காலையில் இரண்டு தடவை கொல்லைக்குப் போய்வந்தேன். மூன்றாவது தடவைக்கு நேரமில்லை. எடுத்தேன். ஆட்டுக்கு நின்றேன், நாய்க்கு நின்றேன், பறந்துபோன ஒரு பாலித்தீன் பைக்கு நின்றேன். பின் பக்கத்திலிருந்து குஞ்சம்மா அக்கா: “தம்பி, போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் கருவாடாயிடும் போலருக்கே.”

எல்லா வீட்டுக்கும் மீன் போனது. தாமதமாக. ஆனால் போனது. தமிழரசி கூடையைத் தொடவில்லை, மற்ற பெண்கள் இறக்கினார்கள். அவள் வாடிக்கை வீட்டு வாசல்களில் நின்று எடை மட்டும் போட்டாள்.

சாப்பிட்டதெல்லாம் வாந்தி. யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 18 – திங்கள்

கோட்டுச்சேரி கடைத்தெரு. எனக்குப் பெரிய பயமே அந்த இடம்தான். முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள், பின்னால் பஸ்காரன் கையை எடுக்காமல் ஹாரன் அடித்தான். ஒரு பிள்ளை திடீரென்று திரும்பி ஓடிவந்தாள். என் கை மறுபடி தப்பான பக்கம் ஒடித்தது. நேர் எதிர்ப்பக்கம், அந்தப் பிள்ளை மேலேயே.

ஆனால் வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டி நிற்கும்போது கை எந்தப் பக்கம் போனால் என்ன?

ஸ்டீயரிங்கை நேராக்கினேன். பஸ்காரன் அடித்துக்கொண்டே இருந்தான். அடித்துக்கொள்ளட்டும். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு எடுத்தேன்.

பிப்ரவரி 21 – வியாழன்

மாசி மகம். கடற்கரைக்குப் போகிற ரோடெல்லாம் ஜனம். வண்டி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முன்பு மாதிரி சாக்குச் சொல்லவில்லை. “கூட்டத்துல எனக்குப் பயமா இருக்கு” என்றே சொன்னேன். “சரி, நாளை கழிச்சுப் பாத்துக்கலாம்” என்றாள் தமிழரசி. இவ்வளவு சுலபமா இது?

மார்ச் 3

யாவாரம் சுமார். கானாங்கெளுத்தி மிஞ்சிவிட்டது. நெடுங்காட்டு வாத்தியார் வீட்டில் சங்கரா கேட்டிருக்கிறார்கள், ஞாபகமாக எடுத்துவைக்க வேண்டும். பின் டயரில் காற்று குறைவு.

மார்ச் 10 – திங்கள்

விடியலில் கடும் பனி. ஏலம் முடிந்து கூடைகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், கண்ணாடி முழுக்க நீர் கோத்து வெள்ளையாக இருந்தது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. துடைக்கத் துணி கேட்டேன். தமிழரசி இடுப்பிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள். பாதிக் கண்ணாடி துடைத்தபிறகுதான் கையில் இருப்பதைப் பார்த்தேன். பழைய நூல் புடவைக் கிழிசல், கூடைக்கு அடியில் தலைமேல் வைக்கச் சுருட்டிச் சுருட்டி நடுவில் வட்டமாக நைந்துபோனது.

“இது உன் சும்மாடு துணியாச்சே.”

“ஆமா.”

“நனைஞ்சிடுச்சு. அப்புறம் வேணும்னா?”

“எதுக்கு?” என்றாள். “அந்தப் பக்கமும் தொடைங்க. நேரமாவுது.”

அந்தப் பக்கமும் துடைத்தேன்.